கடல் ரத்தத்துல ஓடாது தம்பி

அண்ணே, சொந்த ஊரு தேவிபட்டினம் பக்கம், இப்ப சிட்னியில வேலை. இங்க ஒரு கிளப்புல சாயங்காலம் யாட், அதான் பாய் வச்ச படகு, ஓட்டிப் பழகுறேன். ராத்திரி முழுக்க வெளிக்கடல்ல ஓடுற ரேஸுக்கு ஆள் குறையுதுன்னு கூப்டுருக்காங்க. எந்த ஜாக்கெட், எந்த ஷூ வாங்கலாம்? சமாளிச்சுருவேன், கடல்தான் நம்ம ரத்தத்துலயே இருக்கே. அம்மாகிட்ட இன்னும் சொல்லல.

தம்பி, ஜாக்கெட் ஷூவெல்லாம் கிளப்புலயே கேளு, யாராவது இரவல் தருவாங்க, காச விடாத. எனக்கு உறுத்துனது அந்த ரத்தம்தான். போன வாரம் தொண்டிப் பக்கத்து பாய்மரப் படகுப் போட்டி வீடியோ ஒண்ணு பாத்தேன், கீழ கமெண்ட் பூரா 'கடலின் மைந்தன்', அப்பருந்தே எரிச்சல்ல இருக்கேன், நீ வந்து மாட்டுன.

என்ன ரத்தம்? எங்க பெரியப்பா நம்புதாளையில வத்தை, அதான் பாய் கட்டி ஓட்டுற படகு, வச்சிருந்தாரு, சொந்த மகனையே மொதல்ல தண்ணி எறைக்கத்தான் விட்டாரு, பாய்க் கயித்துல கை வச்சா அடி. கரையில கெடக்குற வத்தையில எங்கள ஏத்தி, கண்ணக் கட்டிவிட்டு, இது எந்தக் கயிறு, எங்க போயி முடியுதுன்னு தடவிச் சொல்லச் சொல்லுவாரு, தப்பா சொன்னா திட்டக்கூட மாட்டாரு, திரும்ப மொதல்லருந்து. போட்டியில காத்து தூக்குறப்ப ஆளுக பலகையில ஏறி வெளிய தொத்தி நிக்கிறாங்கல்ல, திரும்புறப்ப அத்தன பேரும் ஒரே மூச்சுல மாறணும், ஒருத்தன் யோசிச்சா படகு கவுந்துரும். உன் யாட்லயும் காத்து வர்ற பக்கத்து விளிம்புல வரிசையா உக்கார வச்சு இதத்தான் செய்யச் சொல்லுவாங்க, என்ன, அடியில கனம் இருக்கறதால அது சுலபத்துல கவுராது.

சிட்னியிலருந்து ஹோபார்ட் வரைக்கும் ஓடுற யாட் ரேஸ்ல 1998ல 115 படகு கெளம்பி 44தான் முடிச்சுது, 5 முங்கிருச்சு, 6 பேர் செத்தாங்க. அது புயலும்ப. சரி, 2024ல அதே ரேஸ்ல ரெண்டு பேர் செத்தது பூமும், அதான் பாயோட அடியில நீட்டிக்கிட்டு இருக்குற கம்பு, அத இழுக்குற கயிறும் அடிச்சு. அவங்கல்லாம் உன்னவிட கடல் தெரிஞ்சவங்க.

தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லு. ரத்தம் ரத்தம்னு நெனச்சுக்கிட்டு இருக்கவனுக்கு அந்த வார்த்தைதான் வாயில வராது. குமட்டுனா சொல்லு, தேவிபட்டினத்தானுக்கும் வாந்தி வரும். பகல்லயே எல்லாக் கயித்தையும் கண்ண மூடித் தொட்டுப் பழகு. இருட்டுல கேபின விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே உன்ன படகோட சேத்துக் கட்டுற பெல்ட்டுக் கயித்த மாட்டு, கீழ எறங்குனப்பறம்தான் கழட்டு. ஒண்ணுக்கு வந்தா பின்னாடி போயி நிக்காத, கீழ டாய்லெட் இருக்கும், அங்க போ. சிரிக்காத, அப்படி விழுந்து செத்தவங்க இருக்காங்க.

ஆள் விழுந்தா எப்படித் தூக்குறதுன்னு அந்தக் கூட்டம் சேந்து பழகிருக்கான்னு ஸ்கிப்பர்ட்ட, அதான் படகுத் தலைவன்ட்ட, கேளு, மழுப்புனா போகாத.

அம்மாவுக்கு இன்னைக்கே போன் போடு. அழுவாங்க, திட்டுவாங்க, வாங்கிக்க. சொல்லாம போயிட்டு எனக்கு மட்டும் போட்டோ அனுப்புன, பதில் வராது.