வெயிலும் கூட நின்னு சமைக்கிற மாசம்
அடுப்படி கேள்வி பதில்

கேள்வி: அக்கா, வருசத்துல எந்தக் காலத்துல சமைக்க உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்? எங்க வீட்ல எல்லாரும் மழைக்காலம்தான்னு சொல்றோம். (வாசகி, கோயம்புத்தூர்)

மழைக்காலம் யாருக்கும்மா பிடிக்காது, வாழைக்காய் பஜ்ஜியும் சுக்குக் காப்பியும் அப்பத்தான் ருசிக்கும். ஆனா என்னையக் கேட்டா பங்குனியும் சித்திரையும்தான். மதுரை வெயில்ல அடுப்புக்கிட்ட நிக்கிறதே பெரும்பாடு, அது எப்படிப் பிடிக்கும்னு கேப்பீங்க. அந்த ரெண்டு மாசமும் பாதிச் சமையல வெயில் செஞ்சு குடுத்துரும்மா. மத்த மாசத்துல அன்னன்னைக்கு சாப்பிடத்தான் சமைக்கிறோம், பங்குனியில மட்டும்தான் வர்ற ஐப்பசி அடைமழைக்கும் சேத்து சமைக்கிறோம்.

விடியுறதுக்கு முன்னாடி நாலரை மணிக்கு எந்திரிச்சு பச்சரிசி மாவுல கூழ் கிண்டி, பச்சமிளகாயும் உப்பும் அரைச்சு விட்டு பெருங்காயத்தக் கரைச்சு ஊத்தி, கொஞ்சம் ஆறினதும் எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, வெயில் ஏறுறதுக்குள்ள மொட்டை மாடியில பழைய வேட்டியில வத்தல் ஊத்தி முடிச்சிறணும். சாயங்காலம் வேட்டியத் திருப்பிப் போட்டு பின்பக்கம் தண்ணி தெளிச்சா வத்தல் தானா உரிஞ்சு வரும், அதை மறுநாளும் காயப் போட்டா எடுத்து வச்சிறலாம். காக்கா வெரட்ட உக்காத்தி வச்ச பிள்ளைக பாதி காஞ்ச வத்தலப் பிச்சுத் தின்னுட்டே இருக்குங்க, அந்தப் புளிப்பும் உறைப்பும் வெளியில சவ்வு மாதிரி உள்ள மெத்துனு இருக்கிறதும் எண்ணெயில பொரிச்ச வத்தல்ல வராது. ஒரு வேட்டி வத்தல் அதுகளுக்குன்னே ஊத்துவேன்.

மாசி கடைசியில இருந்தே அழகர்மலை மாவடு சந்தைக்கு வந்துரும். காம்போட இருக்கிறதாப் பாத்து வாங்குங்க, கீழ விழுந்து அடிபட்டது ஒண்ணு இருந்தாலும் ஜாடியே கெட்டுரும். ஒரு கிலோ வடுவுக்கு 200 கிராம் கல்லுப்பு, கழுவித் துடைச்சு ஈரமில்லாம வெளக்கெண்ணெய் தடவி உப்புப் போட்டு தெனம் ரெண்டு தடவ குலுக்கி விட்டா மூணு நாலு நாள்ல தண்ணி விட்டு வடு சுருங்கும், அப்ப அந்தத் தண்ணியையே எடுத்து காஞ்ச மிளகாய், கடுகு, மஞ்சள் வச்சு அரைச்சு ஊத்துங்க. வேற தண்ணி ஒரு சொட்டு படக்கூடாது. அந்த மாசம் காலையில பழைய சோத்துல மோர் ஊத்தி ஒரு வடுவும் ரெண்டு சின்ன வெங்காயமும் இருந்தாப் போதும், எட்டு மணிக்கெல்லாம் அடுப்ப அணைச்சிறலாம்.

கேள்வி: மீன்பிடித் தடை வந்துட்டா மீன் கிடைக்கிறதில்ல, கிடைச்சாலும் தீ விலை. அந்த ரெண்டு மாசம் என்னக்கா செய்றது? (வாசகர், திருச்சி)

தம்பி, நம்ம கிழக்குக் கரையில ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், மீனுங்க முட்டை போட்டுப் பெருகுற நேரம்னு விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. நாட்டுப்படகு மீன் கொஞ்சமா வரும், கொளத்து மீன் கிடைக்கும். அதுக்காக வெளியூர்ல இருந்து ஐஸ்ல வச்சு எத்தனையோ நாள் கழிச்சு வர்ற மீன வாங்காதீங்கன்னு சொல்லுவேன், ஏன்னா அந்த ரெண்டு மாசமும் கருவாட்டுக்குன்னே வந்த மாதிரி இருக்கும். அதே நேரத்துலதான் மாங்காய் வருது, பலாப்பழம் வந்து வீடெல்லாம் பலாக்கொட்டை கெடக்குது, கத்திரிக்காயும் இருக்கு. நாலையும் ஒரே சட்டியில போட்டுப் பாருங்க. நெத்திலிக் கருவாட்ட தலை கிள்ளி வெந்நீர்ல ஊற வச்சு மூணு நாலு தண்ணி அலசுங்க, மண்ணு போகணும். பலாக்கொட்டைய மேல்தோல் உரிச்சு முன்னாடியே வேக வச்சுக்கங்க. புளிய வழக்கத்துல பாதி கரைச்சா போதும், மீதிப் புளிப்ப மாங்காய் குடுக்கும். உப்ப மட்டும் கடைசியில கருவாடு வெந்த பெறகு ருசி பாத்துப் போடுங்க, அதுலயே உப்பு இருக்கும். நல்லெண்ணெய் தாராளமா ஊத்துங்க. மறுநாள் பழைய சோத்துக்கு அந்தக் குழம்பு இன்னும் நல்லா இருக்கும் தம்பி.

கேள்வி: சென்னை ஃபிளாட்ல இருக்கேன், மொட்டை மாடிய பூட்டி வச்சிருக்காங்க, பால்கனியில ஒரு நாலு மணி நேரம்தான் வெயில் வரும். எனக்கு வத்தல் போடற குடுப்பினை இல்லையா? (வாசகி, சென்னை)

ஏன் இல்ல, இருக்கு. ஆனா கூழ் வத்தல் வேணாம், ஒரே நாள்ல மேல்ஈரம் காயலேன்னா புளிச்சு வாடை வந்துரும். மோர் மிளகாய் போடுங்க. குண்டு மிளகாய காம்போட நுனியில கீறி, புளிச்ச கெட்டி மோர்ல உப்புப் போட்டு ரெண்டு நாள் ஊற வைங்க, பகல்ல தட்டுல பரப்பிக் காய வச்சுட்டு ராத்திரி திரும்ப அதே மோர்ல போடணும், மோர் மொத்தமும் மிளகாய் குடிச்சு முடியுற வரைக்கும் இப்படியே. உப்பும் புளிப்பும் இருக்கிறதால நாலு மணி வெயில் தாங்கும், என்ன, எங்களுக்கு ஒரு வாரம் ஆகுறது உங்களுக்குப் பத்துப் பன்னெண்டு நாள் ஆகும். புறா வராம மேல மெல்லிசு துப்பட்டா ஒண்ணு கட்டிருங்க.

கேள்வி: மார்கழியில இட்லி மாவு பொங்கவே மாட்டேங்குது. (வாசகி, ஊட்டி)

ஊட்டியில கஷ்டந்தாம்மா. வெதுவெதுப்பான தண்ணி விட்டு அரைங்க, ஒரு ஸ்பூன் வெந்தயம் உளுந்தோட ஊறட்டும், உப்புப் போட்டு கையாலயே நல்லா கலக்குங்க. பாத்திரத்த கம்பளியில சுத்தி அரிசி டின்னுக்குள்ள எறக்கி வச்சிட்டு மறுநாள் மத்தியானம் வரைக்கும் தொறந்து பாக்காதீங்க.

கேள்வி: தை மாசத்துல வர்ற பச்சை மொச்சை வாசம் தூக்குது, ஆனா ஆனியில ஆசைப்பட்டா கிடைக்க மாட்டேங்குதே? (வாசகர், சேலம்)

ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொன்னாங்க. நாட்டு மொச்சையும் கொடி அவரையும் பகல் நீளமா இருக்கிற வரைக்கும் கொடியும் இலையுமா படந்துக்கிட்டே இருக்கும், பகல் சுருங்கி ராத்திரி நீள ஆரம்பிச்சாத்தான் பூக்கும். அதனால ஆடியில வெதச்சது பனியில பூத்து மார்கழி தையில காய்க்குது. பொங்கலுக்கு மொச்சைக் குழம்பு வைக்கிறோம்னா அந்தச் செடி அப்பத்தான் குடுக்குது, அதனால வைக்கிறோம். உங்க ஊருக்கு அந்தாண்ட தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அத ராத்திரி ஊற வச்சு ஒவ்வொண்ணா தோல பிதுக்கி பிதுக்குப் பருப்புக் குழம்பு வைப்பாங்க. நாலு பேர் வட்டமா உக்காந்து பிதுக்குனாத்தான் முடியும், அந்த வெண்ணெய் மாதிரி பருப்பு வாயில கரையுறதுக்கு அவ்வளவு வேலையும் செய்யலாம். சீசன்ல தோல் உரிச்ச பருப்பு ஃப்ரீசர்ல ஒரு டப்பா போட்டு வச்சீங்கன்னா மாசி பங்குனி வரைக்கும் ஓட்டலாம், ஆனியில ஆசைப்படாதீங்க, அப்ப மாம்பழம் இருக்கு.

கேள்வி: எங்க மாமியார் போன கார்த்திகையில தவறிட்டாங்க. வருசா வருசம் சித்திரையில வெங்காய வடகம் அவங்கதான் போடுவாங்க, நான் கூடமாட நின்னேனே தவிர அளவு கேட்டு வச்சுக்கல. ஜாடியில நாலு உருண்டைதான் மிச்சம். எப்படிக்கா அதே மாதிரி போடறது? (வாசகி, கும்பகோணம்)

படிச்சதும் கொஞ்ச நேரம் எனக்கு எழுத வரல தாயி. அளவு எங்கயும் போயிரல, அந்த உருண்டைக்குள்ளதான் இருக்கு. ஒண்ணே ஒண்ண எடுத்து வெள்ளத் தட்டுல வச்சு உதிருங்க. கடுகு எத்தன, வெந்தயம் எத்தன, சீரகம் இருக்கா சோம்பு இருக்கா, உளுந்து முழுசா கெடக்கா ஒண்ணு ரெண்டா அரைச்சதா, பூண்டுத் தோல் தட்டுப்படுதா, எல்லாத்தையும் பிரிச்சு எழுதுங்க. மோந்து பாத்தா வெளக்கெண்ணெயா நல்லெண்ணெயான்னு தெரிஞ்சுரும்.

நான் போடற அளவ சொல்றேன், உங்க தட்டுல பாத்ததுக்குத் தக்கன மாத்திக்கங்க. ஒரு கிலோ சின்ன வெங்காயம், 100 கிராம் பூண்டு, ஊறவச்சுக் கரகரப்பா அரைச்ச உளுந்து 100, கடுகு 50, சீரகமும் வெந்தயமும் 25 இருபத்தஞ்சு, கறிவேப்பிலை ரெண்டு கைப்பிடி, மஞ்சள், கல்லுப்பு. வெங்காயத்தையும் பூண்டையும் ஒண்ணு ரெண்டா தட்டி எல்லாத்தையும் பெசைஞ்சு ஒரு ராத்திரி மூடி வைங்க. காலையில சாறு பிழிஞ்சு உருட்டிக் காய வைங்க, சாயந்தரம் அதே சாறுல உதுத்துப் போட்டு மறுநாள் திரும்ப உருட்டுங்க, சாறு வத்துனதும் வெளக்கெண்ணெய் ரெண்டு கரண்டி விட்டுப் பெசைஞ்சு உருட்டிட்டா அதுக்கப்பறம் உடைக்க வேணாம். மொத்தம் பத்து நாள் வெயில், உருண்டை கல்லு மாதிரி கணீர்னு இருக்கணும். மொத தடவ அரைக் கிலோ வெங்காயத்துக்கு மேல போடாதீங்க.

மிச்சம் மூணு உருண்டையத் தொடாம வைங்க. உங்க வடகம் காஞ்சதும் ஒரே நாள்ல ரெண்டு சின்னச் சட்டியில கீரைக்கடைசல் வச்சு, அவங்களுது ஒண்ணு உங்களுது ஒண்ணுன்னு தனித்தனியா தாளிச்சு வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் போடுங்க, எது எதுலன்னு சொல்லாதீங்க. என்ன கொறையுதுன்னு அவங்க நாக்குக்குத் தெரியும். அடுத்த சித்திரைக்கு அதைச் சரி பண்ணிக்கலாம், இன்னும் ரெண்டு உருண்டை இருக்கும்ல. என்ன வந்துச்சுன்னு எனக்கும் ஒரு வரி எழுதுங்க தாயி.