நடுவில் என்ன இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஐயா,

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத் தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். திண்மம், திரவம், வாயு பாடத்தைப் பிள்ளைகளைத் துகள்களாக நடிக்கவைத்து நடத்தினேன். மகிழ்ந்து ஆடினார்கள். மறுநாள் கேட்டால் யார் யாரை இடித்தார்கள் என்பதுதான் நினைவிருக்கிறது. சூடாக்கினால் துகள் பெருத்துவிடும் என்று நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து வகுப்பிலிருந்து முறையீடு வேறு. கரும்பலகையே போதுமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

போதாது. நடிப்பை விட்டுவிடாதீர்கள். ஆட்டம் முடிந்ததும் பாடத்தையும் முடித்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன், குறை அங்கேதான்.

சென்ற கோடை விடுமுறையில், கானாடுகாத்தானில் உறவினர் வீட்டு வளவில் பதினெட்டுப் பிள்ளைகளோடு இதே பாடத்தை ஆடினோம். தாழ்வாரத் தரை முழுக்கச் சதுரம் சதுரமாகப் பதித்த ஆத்தங்குடிக் கல். ஒரு கல்லுக்கு ஒருவர். திண்மம் என்றால் கல்லைவிட்டு நகரக் கூடாது, நின்ற இடத்திலேயே நடுங்கலாம். திரவம் என்றால் பக்கத்துக் கல்லுக்கு நழுவலாம், கூட்டத்தைவிட்டுப் பிரியக் கூடாது. வாயு என்றதும் திசைக்கொருவராக ஓடினார்கள். ஓடி நின்ற ஒரு சிறுமியிடம், "உனக்கும் அவனுக்கும் நடுவில் என்ன இருக்கிறது?" என்று கேட்டேன்.

"காற்று."

அவள் கண்ணால் கண்டதைச் சொன்னாள். ஆனால் நீராவியின் மூலக்கூறுகளுக்கு நடுவே இருப்பது வெற்றிடம். காற்றே இப்படிப்பட்ட துகள்களின் கூட்டம்தானே! அந்தத் தவறான எண்ணத்தை அவள் மனத்தில் விதைத்தது எங்கள் ஆட்டம்தான்.

எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டேன்: "நம் ஆட்டத்தில் எதெல்லாம் நிஜத் தண்ணீரைப் போல இல்லை?" அரைமணி நேரம் அதிலேயே போனது. "எங்களுக்குக் கால் வலித்தது, தண்ணீருக்கு வலிக்காது" என்றான் ஒருவன். "நீங்கள் சொன்னீர்கள், ஓடினோம். தண்ணீருக்கு யார் சொல்வார்கள்?" என்றாள் இன்னொருத்தி. அதைப் பிடித்துக்கொண்டுதான் வெப்பத்துக்கு வந்தோம். நீர் கொதித்து ஆவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் பிடிக்கும். அந்த இடம் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் விரிவதால், பக்கத்துக் கல்லில் நின்றவர் ஏறக்குறைய 12 கல் தள்ளி நிற்க வேண்டும் என்றேன். எண்ணிப் பார்த்தார்கள், தாழ்வாரம் போதவில்லை.

"நாங்கள் பதினெட்டுப் பேர்தானே, ஒரு துளியில் எத்தனை?" என்றான் ஒரு பையன். 1 போட்டு 21 சுழியங்கள், அதற்கும் மேலே என்றேன். விரலைத் தண்ணீரில் தொட்டுக் கல்லுக்கொரு சுழியமாக எழுதிக்கொண்டே போனான். கடைசிச் சுழியத்துக்கு வருமுன் முதல் சுழியம் காய்ந்திருந்தது. "அது வாயுவாகிவிட்டது" என்று அவனே கத்தினான்.

துகள் பெருத்துவிடும் என்று எழுதிய நால்வரிடம், "வாயுவாக ஓடியபோது நீ குண்டானாயா?" என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் உடம்பே பதில் சொல்லும். கரும்பலகையால் அது முடியாது.

இன்னொன்று. திண்மத்துக்குப் பனிக்கட்டியைச் சொல்லாதீர்கள். அன்று நான் அதைச் சொன்னது தவறு. நீர் உறையும்போது விரிகிறது, அதனால்தான் பனிக்கட்டி மிதக்கிறது. திண்மத்துக்கு நாம் சொல்லும் "நெருங்கி நில்லுங்கள்" என்பது அதற்குப் பொருந்தாது. தேங்காய் எண்ணெய் நல்லது. ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் சீசாவை வெயிலில் வைத்து உருக்காத வீடு ஏது?

சத்தத்துக்கு, வேப்பமரத்தடிக்குப் போய்விடுங்கள். பக்கத்து வகுப்பையும் அழைத்துக்கொள்ளுங்கள். துகள்கள் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது.

அன்புடன்.