கான்ட்ராக்டர் இல்லாமல் சிறிய வீடு: செலவு எங்கே குறையும், எங்கே கூடும்?

கேள்வி: 800 சதுர அடியில் தரைத்தளம் மட்டும் உள்ள செங்கல் வீடு கட்டப்போகிறோம். மேலே கான்கிரீட் தளம். பொருளை நாங்களே வாங்கி, ஆட்களை நாங்களே அமர்த்தினால் எவ்வளவு மிச்சமாகும்? பட்ஜெட்டை எப்படிப் போடுவது?

பதில்: ஒப்பந்தக்காரர் தன் விலையில் சேர்க்கும் தொகை பொதுவாக 10 முதல் 20 சதவீதம் இருக்கும். அது முழுவதும் அவருடைய லாபம் அல்ல. மிக்சர் வாடகை, சாரம், சென்ட்ரிங் பலகை (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் அச்சு), ஆள் வராத நாளில் ஏற்படும் நஷ்டம், தப்பாகக் கட்டியதை இடித்துத் திரும்பக் கட்டும் செலவு எல்லாம் அதற்குள்தான் அடங்கியிருக்கின்றன. அவர் இடத்துக்கு நீங்கள் வந்ததும் இவை அனைத்தும் உங்கள் தலையில் விழும். தினமும் சைட்டில் இருக்கக்கூடியவர், முதல் வீட்டிலேயே அந்தத் தொகையில் பாதியை மிச்சம் பிடித்தால் நல்ல வேலை. வாரத்துக்கு ஒருநாள் மட்டும் வந்து பார்ப்பவருக்கு எதுவும் மிஞ்சாது, கூடுதலாகவே போகும். அப்படிப்பட்டவர்கள் ஒப்பந்தத்துக்கே கொடுத்துவிடுவது நல்லது.

மிச்சம் பிடிக்கும் வழி, கடைக்காரரிடம் பேரம் பேசுவதில் இல்லை. சிமென்ட் மூட்டைக்குக் கொஞ்சம் குறைத்து வாங்குவதைவிட, 15 மூட்டை வீணாகாமல் பார்ப்பதில் பணம் அதிகம் நிற்கும். அதனால் ‘சதுர அடிக்கு இவ்வளவு’ என்ற கணக்கை முதலில் ஒதுக்கி வையுங்கள். அந்த ஒற்றை எண்ணுக்குள் எது அடங்கும், எது அடங்காது என்று யாருக்கும் தெரியாது. வரைபடத்தை வைத்து ஒவ்வொரு வேலைக்கும் அளவு எடுங்கள். அந்த அளவை உங்கள் ஊர் விலையால் பெருக்குங்கள். அதுதான் பட்ஜெட்.

தளத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 800 சதுர அடி, 5 அங்குல கனம் என்றால் கான்கிரீட் 333 கன அடி, ஏறக்குறைய 9.4 கன மீட்டர். 1:1½:3 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவையில் 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றுக்குச் சுமார் 4.4 கன அடி கான்கிரீட் கிடைக்கும். ஆக சிமென்ட் 76 மூட்டை, மணல் 140 கன அடி, ஜல்லி 280 கன அடி. பீம், சன்ஷேடு, படிக்கட்டு ஆகியவற்றுக்குத் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். சேதாரத்துக்கு 3 சதவீதம் சேருங்கள், போதும்.

கம்பிக்கு ஒரு சூத்திரத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 8 மி.மீ. கம்பி 0.395 கிலோ, 10 மி.மீ. 0.617, 12 மி.மீ. 0.888, 16 மி.மீ. 1.58. உதாரணமாக, தளத்தில் 8 மி.மீ. கம்பி இரு திசையிலும் 6 அங்குல இடைவெளியில் வந்தால், ஒரு சதுர அடிக்கு 4 அடி நீளம், அதாவது 0.48 கிலோ. 800 சதுர அடிக்கு 385 கிலோ. தளத்தைத் தாங்கும் சுவர், பீம்களின் மேல் வரும் கூடுதல் கம்பியும், இரு கம்பிகள் சேரும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் நீளமும் இதற்கு மேல். (இது கணக்குப் போடும் முறைக்காகச் சொன்னது. எந்தக் கம்பி, எவ்வளவு இடைவெளி என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் கட்டணத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.) லாரி வந்ததும் எடைச்சீட்டைப் பார்ப்பதோடு விடாமல் கம்பிகளை எண்ணுங்கள். 12 மீட்டர் நீளமுள்ள 12 மி.மீ. கம்பி ஒன்று 10.66 கிலோ. எண்ணிக்கையை இதனால் பெருக்கி, எடைச்சீட்டோடு ஒப்பிட்டால் விஷயம் தெரிந்துவிடும்.

கம்பியில் பணம் கரையும் இடம் வெட்டும் இடம்தான். 4.2 மீட்டர் துண்டு வேண்டும் என்று 12 மீட்டர் கம்பியை வெட்டினால் இரண்டு துண்டு கிடைக்கும், 3.6 மீட்டர் மிஞ்சும். அது 30 சதவீதம்! அந்த 3.6 மீட்டர் எந்த லிண்டலுக்கு (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் பீம்), எந்தச் சன்ஷேடுக்குப் போகும் என்று வெட்டுவதற்கு முன்பே காகிதத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதாத சைட்டில் துண்டுக் கம்பி குவிந்து, கடைசியில் பழைய இரும்பு விலைக்குப் போகும். எழுதிவைத்த சைட்டில் சேதாரம் 3 சதவீதத்துக்குள் அடங்கும்.

செங்கல்லுக்கு ஊருக்கு ஊர் அளவு மாறும் என்பதால் ‘ஆயிரத்துக்கு இவ்வளவு’ என்ற விலையை மட்டும் ஒப்பிடக் கூடாது. கல்லின் நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றிலும் கலவைக்காக 1 செ.மீ. கூட்டிக் கன அளவு எடுங்கள். 19×9×9 செ.மீ. கல், கலவையோடு 20×10×10 ஆகும். ஒரு கன மீட்டர் சுவருக்கு 500 கல். உடைசலுக்கு 5 சதவீதம். சிறிய கல் மலிவாகத் தெரிந்தாலும் எண்ணிக்கையும் கலவையும் கொத்தனார் கூலியும் கூடும்.

சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக இல்லாவிட்டால் அதன் விலையைப் பூச்சில் கொடுப்பீர்கள். இந்த அளவு வீட்டில் உள்ளும் புறமும் சேர்த்துப் பூச்சுப் பரப்பு 3,000 சதுர அடி வரை வரலாம். கோணலை மறைக்கச் சராசரியாக 1 செ.மீ. கூடுதலாகப் பூசினால், 1:6 (சிமென்ட், மணல்) கலவையில் சிமென்ட் மட்டும் சுமார் 15 மூட்டை அதிகம். மணலும் கூலியும் தனி. கனமாகப் பூசிய இடம் பிறகு வெடிக்கவும் செய்யும். ஆகவே ஒவ்வொரு மூன்று அடி உயரத்துக்கும் நீங்களே தூக்குக்குண்டு போட்டுப் பாருங்கள். கலவை காய்வதற்குள் என்றால் திருத்துவதற்கு அரைமணி நேரம்தான் ஆகும்.

மணல் வாங்குவதில் பலர் ஏமாறுவது விற்பவரால் மட்டுமல்ல, ஈரத்தாலும்தான். ஈர மணல் உப்பும். நைசான மணல் 20 முதல் 40 சதவீதம் வரை கன அளவில் கூடிவிடும். நேரான சுவருள்ள பாத்திரத்தில் ஈர மணலை அழுத்தாமல் 20 செ.மீ. உயரத்துக்குப் போடுங்கள். அதை வெளியே கொட்டிவிட்டு, பாத்திரத்தில் பாதி தண்ணீர் ஊற்றி, அதே மணலைத் திரும்பப் போட்டுக் கிளறி அடங்க விடுங்கள். உயரம் 16 செ.மீ.க்கு இறங்கினால் உப்பல் 25 சதவீதம். 100 கன அடிக்குப் பணம் கொடுத்து 80 கன அடிதான் வாங்கியிருக்கிறீர்கள். கலவை போடும்போதும் இதே கணக்கு வேலை செய்யும்: பெட்டியால் அளந்து போடும் ஈர மணல் உண்மையில் குறைவாக விழும். வண்டல் சோதனையும் செய்யுங்கள். கண்ணாடி ஜாடியில் மணலும் உப்புத் தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி 3 மணி நேரம் வைத்தால் மேலே வண்டல் படியும். அது மணல் உயரத்தில் 8 சதவீதத்தைத் தாண்டினால் லோடைத் திருப்பி அனுப்புங்கள். லாரியிலேயே மேற்பரப்பைச் சமப்படுத்தி, நான்கு இடத்தில் கம்பியைக் குத்தி ஆழம் பார்த்து அளக்க வேண்டும். கொட்டிய பிறகு அளப்பதில் பயனில்லை.

சிமென்ட்டை மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். மூன்று மாதம் கிடந்தால் வலிமையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஒரு மாதத் தேவைக்கு மேல் வேண்டாம். தரையிலிருந்து அரை அடி உயர்த்திய பலகையில், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, 10 மூட்டைக்கு மேல் உயராமல் அடுக்குங்கள்.

கூலிக்கு வருவோம். நாள்கூலி, சதுர அடிக்கு லேபர் கான்ட்ராக்ட் என இரண்டு முறை உண்டு. முதல்முறை கட்டுபவருக்கு லேபர் கான்ட்ராக்ட்தான் ஏற்றது. நாள்கூலியில் வேலை நீள நீள நஷ்டம் உங்களுக்கு. ஆனால் எந்தச் சதுர அடி என்பதில்தான் சண்டை வரும். தளத்தின் வெளி அளவா, சுவருக்குள் உள்ள அளவா? சன்ஷேடு, கைப்பிடிச் சுவர், படிக்கட்டு, செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி சேருமா? சாரமும் சென்ட்ரிங்கும் யார் பொறுப்பு? கட்டியதை ஈரமாக வைத்திருக்கத் தண்ணீர் காட்டுவது யார்? இத்தனையும் எழுத்தில் இருக்க வேண்டும். கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைக்காத வேலை நடக்கவே நடக்காது. சுவருக்குக் குறைந்தது 7 நாள், தளத்துக்குப் பாத்தி கட்டி 10 முதல் 14 நாள் தண்ணீர் நிற்க வேண்டும். அதற்கென்று ஒரு ஆளுக்குத் தனிக்கூலி கொடுத்தாலும் வீட்டிலேயே மிகப் பயனுள்ள செலவு அதுதான்.

பணத்தை வேலை முடிந்த அளவுக்கே கொடுங்கள்: பேஸ்மென்ட் (தரைமட்டம் வரை எழும்பும் அடிப்பகுதி), லிண்டல், தளம், பூச்சு, தரை, கடைசி வேலை எனப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் 5 முதல் 10 சதவீதம் பிடித்துவைத்துக் கடைசியில் தீர்ப்பது வழக்கம். முன்பணம் வேலையைத் தாண்டிப் போய்விட்டால் ஆட்கள் வேறு சைட்டுக்குப் போவார்கள். அவர்களைத் திரும்ப வரவைப்பது பெரும்பாடு. அதே சமயம், முடித்த வேலைக்கான கூலியைச் சொன்ன நாளில் கொடுத்துவிடுங்கள். உயரத்தில் வேலை செய்பவர்களின் பாதுகாப்பும் இனி உங்கள் பொறுப்பு. உறுதியான சாரம், தலைக்கவசம், விபத்துக் காப்பீடு ஆகியவற்றைச் செலவுப் பட்டியலில் சேருங்கள்.

ஆறு பேர் வந்து நிற்க, மணல் வரவில்லை என்றால் ஒருநாள் போச்சு. அதனால் ஒவ்வொரு ஞாயிறும் அடுத்த 10 நாளுக்கான பொருள் பட்டியலை எழுதுங்கள். கதவு, ஜன்னல் சட்டங்களைச் சுவர் தொடங்கும்போதே ஆர்டர் செய்ய வேண்டும்.

தளம் போடும் நாளுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஒரு மூட்டை மிக்சரில் ஒரு சுற்றுக்கு 5 நிமிடம் என்றால் 76 மூட்டைக்கு 6 மணி நேரத்துக்கு மேல். பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால் அந்த ஒட்டில்தான் பின்னால் கசியும். எனவே இன்னொரு மிக்சர், கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டருக்கு மாற்று ஊசி, டீசல், மழை வந்தால் மூடத் தார்ப்பாய் எல்லாம் முந்தின நாளே சைட்டில் இருக்கட்டும். கம்பிக்கு அடியில் தளத்தில் 20 மி.மீ., தூணில் 40 மி.மீ., அடித்தளத்தில் 50 மி.மீ. கவர் பிளாக் (கம்பிக்கும் அச்சுக்கும் நடுவே இடைவெளி காக்கும் சிறு கட்டை) வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஜல்லித் துண்டைச் செருகுவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். மின்குழாய்கள், மின்விசிறிப் பெட்டிகள் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து, டேப் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மூட்டைக்கு 25 லிட்டர். மணல் ஈரமாக இருந்தால் அதற்கும் குறைவு. பரப்புவதற்குச் சுலபம் என்று தண்ணீர் கூட்டச் சொல்வார்கள். அன்று பிடிவாதமாக நில்லுங்கள், ஏனென்றால் கூடுதல் தண்ணீர் ஆவியாகி விட்டுச் செல்லும் துளைகள் எதனாலும் நிரம்பாது.

பட்ஜெட்டில் விட்டுப்போகும் இனங்கள் ஒவ்வொரு வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: மண் பரிசோதனை, அனுமதிக் கட்டணங்கள், தற்காலிக மின்சாரம், கட்டுமானத் தண்ணீர், பொருள் வைக்கக் கொட்டகை, செப்டிக் டேங்க், சுற்றுச்சுவர், கேட், இடிபாடு அகற்றுதல். இவற்றோடு பேஸ்மென்ட் நிரப்பு மண். தரை 2 அடி உயர வேண்டும் என்றால், சுவர் போக 700 சதுர அடிக்கு 1,400 கன அடி. இடித்து இறுக்கும்போது ஐந்தில் ஒரு பங்கு அமுங்கும் என்பதால் 1,750 கன அடி மண் வேண்டும். அரை அடி அடுக்காகத் தண்ணீர் விட்டு இறுக்காமல் மொத்தமாகக் கொட்டினால் ஓராண்டுக்குள் டைல்ஸ் இறங்கும்.

வரைபடத்திலேயே குறைக்கக்கூடிய செலவும் உண்டு. 800 சதுர அடியைச் சதுரமாகக் கட்டினால் வெளிச்சுவர் 113 அடி. 16×50 என்று நீட்டினால் 132 அடி, அதாவது 17 சதவீதம் அதிகச் சுவர், அடித்தளம், பூச்சு, பெயின்ட். குளியலறையும் சமையலறையும் ஒரே சுவரில் முதுகு ஒட்டினால் குழாயும் குறையும், பின்னால் கசிவைத் தேடும் வேலையும் குறையும். வேலை தொடங்கிய பிறகு ஜன்னலை நகர்த்துவது, கழிவறையை மாற்றுவது போன்ற எண்ணங்களை விட்டுவிடுங்கள். லிண்டலுக்கு மேல் போன ஒரு மாற்றம் இடித்தல், அகற்றுதல், திரும்பக் கட்டுதல் என்று மூன்று முறை பணம் கேட்கும்.

சுவரும் தளமும் எழுந்ததும் பெரும் செலவு முடிந்ததாகத் தோன்றும். உண்மையில் ஏறக்குறைய பாதிதான் முடிந்திருக்கும். கதவு, டைல்ஸ், மின்வேலை, குழாய், பெயின்ட் ஆகியவற்றின் விலை உங்கள் தேர்வைப் பொறுத்துப் பல மடங்கு மாறும். இவற்றைக் கட்டுமானம் தொடங்கும் முன்பே தேர்ந்தெடுத்து விலை எழுதி வையுங்கள். டைல்ஸ் 8 சதவீதம் கூடுதலாக, ஒரே தொகுதி எண்ணில் வாங்குங்கள். எல்லாம் கூட்டிய பிறகு 10 சதவீதம் தனியே ஒதுக்குங்கள். மண் தன்மை சந்தேகமாக இருந்தால் 15.

அப்படியும் நடுவில் பணம் தட்டினால் நிறுத்துவதற்கு ஏற்ற இடம், தளம் போட்டு, அதன் மேல் நீர்க்காப்பும் கைப்பிடிச் சுவரும் முடிந்த கட்டம். அந்த நிலையில் ஜன்னல் துவாரங்களை அடைத்துவிட்டு ஓராண்டு காத்திருந்தாலும் பெரிய சேதம் வராது. அடித்தளக் குழியைத் திறந்துபோட்டு நிறுத்தினால் மழையில் கரை சரியும், அடிமண் இளகும். மீண்டும் தோண்ட வேண்டிவரும். தூண் கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேலை நின்றால், சிமென்ட் பால் பூசி பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டுங்கள். மறுபடி தொடங்கும்போது துருவை இரும்புத் தூரிகையால் தேய்த்தெடுத்து, கம்பியின் விட்டம் குறைந்திருக்கிறதா என்று பொறியாளரிடம் காட்டிய பிறகே கான்கிரீட் ஊற்ற வேண்டும்.