உழவர் சந்தையில் வாங்குவது லாபமா?

கேள்வி: எங்கள் ஊர் உழவர் சந்தையில் தக்காளி, கத்தரிக்காய் எல்லாம் தெருமுனைக் கடையைவிடக் கிலோவுக்கு ஐந்தாறு ரூபாய்தான் குறைவு. ஆட்டோவுக்குக் கொடுத்தால் அதுவும் போய்விடுகிறது. உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேர் வியாபாரிகள் என்றும் சொல்கிறார்கள். அங்கே போய்த்தான் வாங்க வேண்டுமா?

பதில்: ஒரு கிலோ தக்காளிக்காக ஆட்டோ ஏறினால் மிச்சம் இருக்காதுதான். வாரத்துக்கு வேண்டியதை ஒரே நடையில் வாங்கிப் பாருங்கள், கணக்கு மாறும்.

விலை எப்படி வைக்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த ஐந்தாறு ரூபாயின் அர்த்தம் புரியும். அதிகாலையில் மொத்தச் சந்தை விலையையும் வெளிக்கடைச் சில்லறை விலையையும் விசாரித்து, மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூட, சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு என்ற அளவில் அன்றைய விலையை முடிவு செய்து பலகையில் எழுதுகிறார்கள். மண்டியில் கத்தரிக்காய் 30 ரூபாய், கடையில் 45 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் 36 முதல் 38 ரூபாய்க்குள் இருக்கும். உங்களுக்கு ஏழெட்டு ரூபாய் மிச்சம். விளைவித்தவருக்கும் மண்டியில் கிடைப்பதைவிட ஆறு ரூபாயாவது கூடுதல், கமிஷன் பிடித்தமும் கிடையாது. விலை குறைவு என்பதை மட்டும் பார்த்தால் இந்த இரண்டாவது பாதி கண்ணில் படாது. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறந்தபோதே நோக்கம் இதுதான். பஞ்சாபின் 'அப்னி மண்டி'யும் ஆந்திராவின் 'ரைத்து பஜா'ரும் அதற்கு முன்னோடிகள். 2001க்குப் பிறகு ஆட்சி மாறிப் பல சந்தைகள் களையிழந்தன, 2006க்குப் பிறகு மீண்டும் உயிர்பெற்றன. அரசு கட்டடம் கட்டித் தரலாம், தராசு தரலாம். வாங்க ஆள் வராத சந்தைக்கு எந்த விவசாயியும் விடியுமுன் மூட்டை தூக்கிக்கொண்டு வரமாட்டார்.

சரி, வியாபாரிகள் விஷயம். அந்தப் புகார் பல ஊர்களில் உண்டு, தள்ளிவிட முடியாது. விளைவித்தவரிடம் பெரும்பாலும் இரண்டு மூன்று வகைக் காய்தான் இருக்கும். முற்றலும் பிஞ்சும் கலந்து, அளவு ஒரே மாதிரி இல்லாமல் இருக்கும். சமவெளி ஊரில் ஒரே கடையில் கேரட், பீட்ரூட், முருங்கை, வெண்டை எல்லாம் குவிந்திருந்தால் யோசியுங்கள். ஆனால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம். உள்ளூரில் விளையாத மலைக் காய்களை விற்கச் சுய உதவிக் குழுக்களுக்குச் சில சந்தைகளில் அனுமதி உண்டு. சந்தேகம் இருந்தால் விவசாயி என்பதற்கான அடையாள அட்டையைக் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் அங்கேயே நிர்வாக அலுவலர் அறை இருக்கிறது.

கீரை வாங்குவதென்றால் மட்டும் வேறு யோசனையே வேண்டாம், சந்தைக்கே போங்கள். அதிகாலையில் பறித்த தண்டுக்கீரைக்கு ஈடு கடையில் கிடைக்காது. எப்படிச் சமைப்பது என்றும் கீரை விற்கும் அம்மாவே சொல்லிவிடுவார்.

கேள்வி: பலகையில் எழுதியதைவிட அதிகம் கேட்டால்? எடை குறைந்தால்?

பதில்: பலகை விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை. உள்ளே நுழைந்ததும் பலகையைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பேச்சு நீளாது. தராசு சந்தை நிர்வாகம் இலவசமாகத் தருவது. தட்டு காலியாக இருக்கும்போது பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பாருங்கள். குறை இருந்தால் முதலில் நிர்வாக அலுவலர், அங்கே தீராவிட்டால் எடையளவைக் கவனிக்கும் தொழிலாளர் துறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதேபோல், பலகை விலைக்குக் கீழே பேரம் பேசி இழுக்காதீர்கள். அந்த விலையில் ஏற்கெனவே உங்கள் பங்கு கழிந்துவிட்டது.

கேள்வி: அட்டை வைத்திருக்கும் விவசாயி விற்பது மருந்தடிக்காத காய் என்று நம்பலாமா?

பதில்: நம்ப முடியாது. அவர் விவசாயி, இன்ன நிலத்தில் இன்ன பயிர் வைத்திருக்கிறார் என்பதற்குத்தான் அந்த அட்டை சாட்சி. இயற்கை விளைச்சல் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் அதற்கான தனிச் சான்றிதழைக் கேளுங்கள். சான்றிதழ் இல்லாத நேர்மையான விவசாயிகளும் இருக்கிறார்கள். கடைசியாக எப்போது, என்ன மருந்து அடித்தீர்கள் என்று நேராகக் கேட்டால் பலர் மறைக்காமல் சொல்வார்கள். கடைக்காரரிடம் கேட்டால் அவருக்கே தெரிந்திருக்காது.