டெகு பெட்டிக்குள் தெர்மோகோல் ஒட்டலாமா?

கேள்வி: வளர்ந்த டெகு (தென் அமெரிக்காவின் பெரிய பல்லி) ஒன்றுக்காக 8 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரத்தில் ப்ளைவுட் பெட்டி செய்கிறேன். சூடு வெளியே போகாமலிருக்க உட்புறம் முழுக்கத் தெர்மோகோல் ஒட்டி, முன்பக்கம் பூராவும் கண்ணாடிக் கதவு வைப்பதாகத் திட்டம். சரிதானா?

பதில்: அளவு சரி. தெர்மோகோலை உள்ளே ஒட்டுவதுதான் தப்பு. டெகு எதையும் நகத்தால் பிராண்டிப் பார்க்கிற பிராணி. ஒரு மூலை பெயர்ந்தால் போதும், வெள்ளைக் குருணைகளை விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். பல்புக்குப் பக்கத்தில் இருந்தால் உருகும், தீயும் பிடிக்கும்.

அதனால் சாண்ட்விச் மாதிரி செய்யுங்கள்: 12 மி.மீ. ப்ளைவுட் இரண்டு, நடுவில் 25 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். (தெர்மோகோலின் குருணையில்லாத, கெட்டியான வகை) ஃபோம் பலகை. டெகுவுக்கு 70 முதல் 80 சதவீதம் ஈரப்பதம் வேண்டும், எக்ஸ்.பி.எஸ். அவ்வளவாக நீர் குடிக்காது. உள்மூலைகளுக்குச் சிலிக்கான், பலகைக்கு மூன்று கோட் வாட்டர்ப்ரூஃப் பூச்சு. வாசனை அறவே போன பிறகுதான் பல்லி உள்ளே போகவேண்டும்.

இனி கண்ணாடி. பெட்டிக்குள் அறையைவிட 10 டிகிரி கூடுதல் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். வெறும் ப்ளைவுட் என்றால் மற்ற ஐந்து பக்கமும் சேர்ந்து சுமார் 450 வாட் சூட்டை வெளியே விடும். நடுவில் ஃபோம் வந்ததும் அது 110 வாட் பக்கம் இறங்கிவிடும். நல்ல சேமிப்புதான். ஆனால் முன்பக்கம் முழுக்க ஒற்றைக் கண்ணாடி என்றால் அது மட்டுமே 170 வாட் விடும்! இவ்வளவு மெனக்கெட்டு ஐந்து பக்கத்தை அடைத்துவிட்டு ஆறாவதைத் திறந்துவைத்த கதை. 2 அடி உயரக் கண்ணாடிப் பட்டை போதும். பார்க்கவும் அழகாகத்தான் இருக்கும். மீதியைப் பலகையால் மூடி அதற்கும் ஃபோம் வையுங்கள்.

சூடு தங்குகிற பெட்டியில் எனக்குக் குளிரைவிட அதிகச் சூடுதான் பயம். பல்புக்கு அடியில் பல்லி சூடு காயும் கல்லின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தொடலாம், ஆனால் மறுமுனை 24 முதல் 27-க்குள் நிற்கவேண்டும். இன்சுலேஷன் நன்றாக இருந்தால் ஹாலஜன் பல்புகளே பெட்டி மொத்தத்தையும் வேகவைத்துவிடும். தெர்மோஸ்டாட் ஒன்று போதாது. குளிர்ந்த முனையில் இரண்டாவதாக ஒன்றை வைத்து, 30 டிகிரியைத் தாண்டினால் எல்லாச் சூட்டையும் அணைக்கும்படி செட் பண்ணுங்கள். காற்றுத்துளை குளிர்ந்த முனையில் கீழே, சூடான முனையில் மேலே. பல்புகளுக்குக் கம்பிக்கூண்டு கட்டாயம். ஒரே பல்பு முதுகின் ஓரிடத்தைச் சுட்டுவிடும்; இரண்டு மூன்றை அருகருகே பொருத்தினால் உடல் முழுக்கச் சூடு படும். புற ஊதா டியூபைக் கண்ணாடிக்கு வெளியே வைத்துவிடாதீர்கள், அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. டெகு தோண்ட ஓரடி ஆழத்துக்கு மண் போடுவீர்கள். அது 32 கன அடி. ஈரத்தோடு ஒரு டன்னைத் தாண்டிவிடும். மாடியில் வைக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், தரைத்தளம்தான். அடிப்பலகையில் குளத்துக்கு விரிக்கும் ரப்பர் ஷீட்டை ஓரங்களில் ஓரடிக்கு மேல் ஏற்றி விரித்த பிறகு மண்ணைக் கொட்டுங்கள். ஒரு வாரம் பெட்டியைக் காலியாக ஓடவிட்டு, காலை, மதியம், இரவு என்று இரண்டு முனைச் சூட்டையும் குறித்துவைத்தபின் பல்லியை விடலாம்.