படி கொடுத்து அனுப்பிய வீடு

கேள்வி: நான் பிறந்து வளர்ந்தது அம்பாசமுத்திரம் பக்கம். மார்கழி முழுக்க வாசலில் பூ வைத்து, தையில் பெண்பிள்ளைகள் மண்ணால் சின்ன வீடு கட்டிப் பொங்கும் சிறுவீட்டுப் பொங்கல் கொண்டாடிய குடும்பம். இப்போது பாளையங்கோட்டையில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். சிறுவீடு கட்ட வாசலும் இல்லை, என் இரண்டு பெண்களுக்கு ஆசையும் இல்லை. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் அவர்களை இழுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு ஓடுகிறேன். கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். இதையெல்லாம் விட்டால் அம்மாவுக்குத் துரோகம் செய்வதுபோல இருக்கிறது. விடலாமா?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தாராளமாக விடலாம். அம்மாவை மட்டும் இதில் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

உங்கள் தலைப்பொங்கலுக்கு அம்மா வீட்டிலிருந்து பொங்கல்படி வந்திருக்கும். பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள்குலை, கரும்பு, கிழங்கு வகைகள் என்று வேனில் வந்து இறங்கியிருக்கும். அதற்கு என்ன அர்த்தம் என்று நினைத்தீர்கள்? இனி உன் வாசலில் நீ பொங்கு என்பதுதானே! பொங்கலுக்கு வீட்டுக்கு வா என்கிறவர்கள் பானையைக் கொடுத்தனுப்புவார்களா? நம் பக்கத்தில் பேரன் பேத்தி எடுத்த பிறகும் பிறந்த வீட்டுப் படி வருவது நிற்பதில்லை. அம்மா இல்லாவிட்டால் அண்ணன் தம்பி கொண்டுவந்து இறக்குவார்கள். உங்கள் அம்மாவும் அப்படி வந்த பானையில்தானே பொங்கினார்?

இன்னொன்று. கல்யாணத்துக்கு முன்னால் பங்குனி உத்திரத்துக்கு அப்பா வழிக் குலசாமியான சாஸ்தாவிடம் போயிருப்பீர்கள். தாலி ஏறியதும் கணவர் வீட்டுச் சாஸ்தாவுக்கு மாற்றிவிட்டார்கள். உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். சாமியே மாறியதற்கு எனக்குக் கடிதம் வரவில்லை. பொங்கலுக்கு வருகிறது!

சரி, சிறுவீட்டுக்கு வருவோம். முற்றத்தில் மண்ணைக் குழைத்து, சாண் உயரத்தில் சுவர் எழுப்பி, வாசல்படி, அடுப்படி எல்லாம் வைத்த வீடு. மார்கழியில் விடிவதற்கு முன்னால் கோலத்தின் நடுவில் சாணி உருண்டை வைத்து, அதில் பூசணிப்பூவைச் செருகியது உங்கள் கை. அந்தக் குளிரில் சாணி எடுத்து வந்தது யார் கை? வாசல் தெளித்தது, வாடின பூவைச் சாணியோடு சேர்த்து எருவாகத் தட்டிக் காயவைத்தது? உங்களுக்குக் கொண்டாட்டமாக இருந்ததில் முக்கால்வாசி இன்னொருத்தியின் வேலை. அந்த இன்னொருத்தி இன்றைக்கு நீங்கள்தான். வேலை பார்க்க மனசில்லாமல் அம்மா வீட்டுக்கு ஓடுவதற்குப் பாரம்பரியம் என்று பெயர் வைக்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் பல வருஷம் அப்படி ஓடியவள்தான்.

அந்தப் பூ எருக்களைக் கடைசியில் என்ன செய்தீர்கள்? சூடம் ஏற்றித் தாமிரபரணியில் விட்டீர்கள். ஒரு மாதப் பாடு ஒரே சாயங்காலத்தில் போய்விடும். யாராவது பின்னாலேயே நீந்திப் போய் எடுத்து வந்தார்களா? வீட்டுக்கு வந்து சோற்றைத் தின்றுவிட்டுத் தூங்கினோம்.

உங்கள் பெண்களுக்குச் சிறுவீட்டில் ஆசை இல்லாதது தப்பே இல்லை. அவர்கள் பார்க்காத முற்றத்துக்கு அவர்கள் ஏன் ஏங்க வேண்டும்? வரும் தைக்கு உங்கள் வீட்டிலேயே பொங்குங்கள். மொட்டை மாடியில் அடுப்புக்குப் பொங்கக்கட்டி போட்டுப் பனையோலை எரிக்க உங்கள் அசோசியேஷன் விடாது. கேஸ் அடுப்பில் வையுங்கள். சூரியன் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை. அம்மாவை முந்தின நாளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். அடுப்பைச் சின்னதாக வை, தேங்காயை அப்படித் துருவாதே என்று இரண்டு நாள் அதிகாரம் பண்ணட்டும். துரோகப் பேச்சு தானாக அடங்கும். கணவர் முகமும் கீழே இறங்கும்.

ஒன்றே ஒன்றை மட்டும் விடாதீர்கள். மறுநாள் காலையில், முந்தின நாள் தண்ணீர் ஊற்றி வைத்த பால்பொங்கலும் சுண்டக்கறியும். சிறுகிழங்கும் சேனையும் சாம்பாரும் அவியலும் ஒன்றாகச் சுண்டி, சட்டியின் ஓரத்தில் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்குமே, அதற்கு உங்கள் வீட்டில் எத்தனை பேர் சண்டை போட்டீர்கள்? உங்கள் பெண்களும் போடுவார்கள். அதனால் பொங்கலன்று ராத்திரி எவ்வளவு அசதியாக இருந்தாலும், மிச்சக் கறியைக் கொட்டிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடாதீர்கள்.