பாளையங்கோட்டை ஹாஸ்டலில் மகள்: எந்த ரீசார்ஜ் போடுவது?

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் படித்து, இந்த வருஷம் பாளையங்கோட்டையில் பி.காம். சேர்ந்து ஹாஸ்டலில் இருக்கிறாள். நான் பீடி சுற்றுகிறேன், அவள் அப்பாவுக்குக் கேரளாவில் ஓட்டல் வேலை. அவள் செல்லுக்கு எந்த பிளான் போடுவது என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். 84 நாளைக்கு 859 ரூபாய்தான் லாபம் என்கிறான் என் தம்பி. செல் கடைக்காரர் ஒரு வருஷத்துக்கே போடச் சொல்கிறார். மகளுக்கு 349 ரூபாயில் தினம் 2 ஜிபியும் 5ஜியும் வேண்டுமாம், புதுமைப் பெண் பணம் 1000 ரூபாயில் அவளே போட்டுக்கொள்வாளாம். எனக்கு 299 ரூபாய்க்கு 28 நாள் போதும் என்று தோன்றுகிறது. அதிலும் தினம் ஒன்றரை ஜிபி உண்டு, தம்பி சொல்லும் பிளானிலும் அவ்வளவுதான். சிம் தம்பி பேரில் இருக்கிறது. "ரொம்ப செல்லு பார்த்தா ரீசார்ஜை நிறுத்திரு" என்றும் சொல்கிறான். என்னிடம் இருப்பது பட்டன் போன், அதற்கும் மாதாமாதம் அழ வேண்டியிருக்கிறது. நான் என்ன செய்ய? – ஒரு தாய், முக்கூடல்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நாலு பேரும் ரூபாயைப் பற்றித்தான் பேசியிருக்கிறீர்கள். அவள் படுக்கிற அறைக்குள் டவர் கிடைக்கிறதா என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. முதலில் அதைக் கேளுங்கள்.

என் அக்கா மகன் பாளையங்கோட்டையில் படித்தபோது நாங்களும் இந்தத் தப்பைச் செய்தோம். ஜூன் மாதமே ஒரு வருஷத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டிவிட்டு, அடுத்த ஜூன் வரைக்கும் கவலை இல்லை என்று இருந்தோம். அவனுக்குக் கிடைத்ததோ கீழ்த்தளத்தில் கடைசி அறை. கனத்த பழைய சுவர், ஒரே ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் கம்பியில் போனைச் சாய்த்து வைத்தால் ஒரு கோடு வரும், கையில் எடுத்தால் போய்விடும். தினம் ராத்திரி எட்டு மணிக்கு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்றுதான் அவன் அம்மாவிடம் பேசுவான், ஐப்பசி மழையிலும் குடையைப் பிடித்துக்கொண்டு. கம்பெனி மாறலாம் என்றால், மாறியதும் பழைய ரீசார்ஜில் மிச்சமிருக்கிற நாள் அத்தனையும் போய்விடும், அது புது கம்பெனிக்குக் கூடவே வராது. பணத்தை விட மனசில்லாமல் அந்த வருஷம் முழுவதும் அப்படியே ஓட்டினான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

அதனால் இந்த வாரமே மகளிடம் சொல்லுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு, ஹாஸ்டலே போனும் கையுமாக இருக்கிற நேரத்தில், தன் கட்டிலில் உட்கார்ந்தபடி உங்களைக் கூப்பிட்டுப் பேசட்டும், அப்புறம் ஒரு பாட வீடியோவை ஓட்டிப் பார்க்கட்டும். பக்கத்துக் கட்டில் பிள்ளைகள் வேறு கம்பெனி சிம் வைத்திருப்பார்கள், அவர்கள் போனிலும் அதே வீடியோவை அதே இடத்தில் ஓட்டிப் பார்க்கலாம். செல் கம்பெனிகளை ஒழுங்குபடுத்துகிற அரசு ஆணையமான டிராய் வெளியிட்ட மைஸ்பீட் என்ற ஆப்பில் வேகத்தை அளந்தும் பார்க்கலாம். கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் டவர் எட்டும் இடங்களுக்கு வரைபடம் போட்டிருக்கின்றன, ஆனால் அது தெருவைத்தான் காட்டும், கீழ்த்தளத்துக் கடைசி அறையைக் காட்டாது. லீவில் ஊருக்கு வரும்போது முக்கூடலில் உங்கள் வீட்டுக்குள்ளும் இதேபோல ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இனி ரூபாய்க் கணக்கு. 28 நாள் பிளானை நாம் மாதக் கணக்கு என்று நினைக்கிறோம், ஆனால் வருஷத்துக்கு 13 தடவை போட வேண்டும். நீங்கள் சொல்லும் 299 ரூபாய்க்கு 3,887 ஆகிறது. தம்பி சொல்லும் 859 ரூபாயை நாலு தடவை போட்டால் 3,436, அதில் 336 நாள்தான் ஓடும், மிச்சத்துக்கு ஒரு 299 சேர்த்தால் 3,735. வித்தியாசம் வருஷத்துக்கு 152 ரூபாய், மாதத்துக்கு 13 ரூபாய்கூட இல்லை. டவர் நன்றாகக் கிடைக்கிறது என்று உறுதியான பிறகு தம்பி சொல்வது சரிதான். அதுவரை அந்த 152 ரூபாய்க்காக 859 ரூபாயை முன்னால் கட்டி மாட்டிக்கொள்ள வேண்டாம். வருஷ பிளான் முதல் வருஷத்தில் வேண்டவே வேண்டாம். அறை மாறும், ஹாஸ்டலே மாறலாம், கோடை லீவில் அவள் வீட்டில் இருக்கும்போது இவ்வளவு டேட்டா தேவையும் இருக்காது.

28 நாள் போட்டால் முடிகிற தேதி மாதாமாதம் முன்னால் நகர்ந்துகொண்டே வரும், கேரளாவிலிருந்து பணம் வருகிற தேதியோடு ஒத்துவராது. ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் பிளான் ஒன்றும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கிற பிளான் ஒன்றும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று டிராய் 2022ல் உத்தரவு போட்டிருக்கிறது. கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

மகள் கேட்கிற 349 ரூபாய் பிளானுக்கு வருவோம். உங்களுடையதைவிட வருஷத்துக்கு 650 ரூபாய் அதிகம். 2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பிறகு ஜியோவும் ஏர்டெல்லும் அளவில்லாத 5ஜியைப் பெரும்பாலும் தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பிளான்களுக்கே வைத்திருக்கின்றன, அதனால் அவள் கேட்பதில் விவரம் இருக்கிறது. ஆனால் அவள் போன் 5ஜி போனா, அறைக்குள் இருக்கும்போது போனின் மேல்மூலையில் 5ஜி என்று காட்டுகிறதா? இரண்டும் ஆமாம் என்றால் போட்டுக்கொடுங்கள், படிக்கிற பிள்ளைக்கு அது உதவும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அந்த 650 ரூபாய் வீண். தினம் ஒன்றரை ஜிபி போதுமா என்பதையும் ஊகிக்க வேண்டியதில்லை, அவள் போன் செட்டிங்ஸில் டேட்டா யூசேஜ் என்ற இடத்தைத் திறந்தால் எந்த ஆப் எவ்வளவு தின்றது என்று வரிசையாகக் காட்டும். யூடியூபை 480பி அளவில் வைத்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் அரை ஜிபிதான் ஆகும், பாடம் கேட்க அது தாராளம். ஹாஸ்டலில் வைஃபை உண்டா, எத்தனை மணி வரைக்கும் என்று சீனியர் பிள்ளைகளிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

கம்பெனி மாறத்தான் வேண்டும் என்று தெரிந்தால் நம்பரை மாற்ற வேண்டியதில்லை. PORT என்பதை ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடம் விட்டு அவள் நம்பரையும் அடித்து 1900க்கு அனுப்பினால் கம்பெனி மாறுவதற்கான எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று எஸ்எம்எஸ்ஸில் வரும், அது நாலு நாள்தான் செல்லும். இப்போதைய கம்பெனியில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். ஓடுகிற ரீசார்ஜ் முடிகிற சமயம் பார்த்து மாறினால் பணமும் வீணாகாது.

அந்த சிம் உங்கள் தம்பி பேரில் இருப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. போன் பஸ்ஸில் தொலைந்துபோனால் அதே நம்பருக்கு மாற்று சிம் வாங்க, யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் போக வேண்டும். தம்பி வெளியூரில் மாட்டிக்கொண்டால் அத்தனை நாளும் அவளுக்கு பேங்க் ஓடிபி, உதவித்தொகை விண்ணப்பத்துக்கான ஓடிபி எதுவும் வராது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் உதவித்தொகை இருக்கிறது, அதற்கு ஆன்லைனில்தான் விண்ணப்பிக்க வேண்டும் (இதுவரை போடவில்லை என்றால் கல்லூரி அலுவலகத்தில் உடனே கேட்கச் சொல்லுங்கள்). அவளுக்கு 18 வயது முடிந்துவிட்டால் அவள் பேருக்கு மாற்றுங்கள், முடியவில்லை என்றால் இப்போதைக்கு உங்கள் பேருக்கு. 18க்குக் கீழே இருந்தால் அவள் பேரில் சிம் தர மாட்டார்கள். மாற்றிய பிறகு ஆதாரிலும் பேங்கிலும் இதே நம்பர்தான் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

ரீசார்ஜை நிறுத்துகிற பேச்சு மட்டும் வேண்டாம். உங்கள் தம்பி அக்கறையில்தான் சொல்கிறார், எனக்குப் புரிகிறது. ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் புது பஸ் ஸ்டாண்டில் முக்கூடல் பஸ்ஸைத் தவறவிட்டு, இருட்டுகிற நேரத்தில் நிற்கிற பிள்ளையின் போனில் அவுட்கோயிங் இல்லை என்றால் அவள் யாரை எப்படிக் கூப்பிடுவாள்? அதிகம் பார்க்கிறாள் என்று தோன்றினால் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த டேட்டா யூசேஜைத் திறந்து இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள், பேசுங்கள். புதுமைப் பெண் பணத்தில் தானே போடுகிறேன் என்று சொல்கிற பிள்ளைக்குப் பொறுப்பு இருக்கிறது, அவளையே போடவிடுங்கள். ஆயிரத்தில் 299 போனால் மிச்சம் 701 நோட்டுக்கும் பஸ்ஸுக்கும் இருக்கும்.

கடைசியாக உங்கள் பட்டன் போன். டேட்டாவே தேவைப்படாதவர்களுக்காக, பேசவும் எஸ்எம்எஸ் அனுப்பவும் மட்டுமான பேக் வைக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் சொன்ன பிறகு, கம்பெனிகள் அப்படிப்பட்ட பேக்குகளைக் கொண்டுவந்தன. அடுத்த தடவை கடைக்குப் போகும்போது "நெட்டு வேண்டாம், பேச மட்டும்" என்று சொல்லிக் கேளுங்கள். மகளுக்காகக் கம்பெனி மாறும்போது உங்களுடையதையும் சேர்த்து மாற்றச் சொல்வார்கள், அவசரப்படாதீர்கள். ஜியோவில் 2ஜி கிடையாது, உங்களுடையது பழைய 2ஜி பட்டன் போனாக இருந்தால் அந்த சிம் அதில் வேலை செய்யாது.